வீடு வருமுன் கட்டிய தவணை

"மூணு வீடு பார்த்தாச்சு. எந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கட்டும், சொல்லு" என்று கேட்டாள் பிலோமி.

ஜெசிந்தா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வந்ததும் வராததுமா இதுவா? முதல்ல பிள்ளையை இறக்கி விடு. இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

பத்து மாத மிரியம் தரையில் இறங்கியதும் கீரைக் காம்புகளை நோக்கித் தவழ்ந்தாள்.

சிறுமலை அடிவாரத்தில் அது ஓர் ஓட்டு வீடு. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. சனிக்கிழமைதோறும் இருபது முப்பது பேர் வந்து, ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் நடுவில் உட்காருகிறவள் ஜெசிந்தா. ஊரார் அவளைச் சிந்தாம்மா என்றார்கள். சில பேர் கும்பிடவும் செய்தார்கள்.

பிலோமிக்கு அவள் கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஆள் இருந்தால் சிந்தாம்மா. ஆள் இல்லாவிட்டால் அடியே.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆள் இல்லை.

"மூணாவது வீடுதான்டி எனக்குப் பிடிச்சிருக்கு. ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம். காலை வெயில் அடுப்படி வரைக்கும் வருது. சுவர்ல கை வச்சா அவ்வளவு காய்ஞ்சு கிடக்கு. அரை மணி நேரம் இருந்தோம். மிரிக்கு ஒரு இருமல் வரல."

இப்போது இருக்கும் வீடு ஒத்தி வீடு. ஐந்து லட்சத்தை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இருக்கிறார்கள். காலி செய்யும்போது அந்த ஐந்து லட்சம் அப்படியே திரும்பி வரும். ஆனால் படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம். கோடையிலும் காயவில்லை. அந்தச் சுவரோரம் தொட்டில் ஆடியது. மிரிக்கு மூச்சு இழுத்து, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மூன்றாவது தடவை வந்துவிடுமோ என்று பிலோமி குழந்தையின் நெஞ்சில் காது வைத்துத்தான் படுக்கிறாள்.

"அந்த மூணாவது வீட்டுக்காரர் ஆடியில கை நீட்டிக் காசு வாங்க மாட்டாராம். ஆவணி முதல் முகூர்த்தத்தில யார் ரெண்டு லட்சம் கொண்டு வர்றாங்களோ அவங்களுக்குத்தானாம்."

"ஆடி பிறந்து எத்தனை நாள் ஆச்சு?"

"நாலு."

"வீடு என்ன விலை?"

"முப்பது லட்சம்."

"உன்கிட்ட எவ்வளவு இருக்கு?"

பிலோமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒத்திப் பணம் அஞ்சு லட்சம். சீட்டுல மூணு லட்சம். லாக்கர்ல எட்டுப் பவுன். மிச்சத்துக்கு லோன்."

"எனக்குப் புரியல."

"இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?"

"கணக்குல நான் எத்தனை மார்க்குன்னு உனக்குத் தெரியாதா?"

பிலோமி சிரித்துவிட்டாள். பதினொன்றாம் வகுப்பு அரையாண்டில் பதினேழு. ரிப்போர்ட் கார்டில் அந்த ஒன்றை நான்காக்கிக் கொடுத்ததே பிலோமிதான். இரண்டு பேரும் சேர்ந்து முட்டி போட்டார்கள்.

"சொன்னா என் மண்டையில ஏறாதுடி. எல்லாத்தையும் கொண்டு வந்து இந்தப் பாயில வை. கண்ணால பார்த்துட்டு எந்த வீடுன்னு சொல்றேன்."

"அஞ்சு லட்சத்தையுமா? டவுன் பஸ்ஸிலயா?"

"உன் பணம்தானே? உன்கூட வராதா?"

* 

வீட்டுக்காரர் சோமசுந்தரம் மாடியில் இருந்தார். பிலோமி கேட்டதும், வாயில் போட்ட வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"ஒத்திப் பணத்தை யாரும்மா பீரோவில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா? வாங்கின வாரமே மூத்தவ கல்யாணம். நீயும்தான் வந்து சாப்பிட்டே."

சாப்பிட்டது உண்மைதான். பாயசம் இரண்டு தடவை.

"அப்போ நாங்க காலி பண்ணினா?"

"தாராளமாப் பண்ணு. அடுத்து ஒத்திக்கு ஒரு பார்ட்டி வரட்டும். அவங்க கொடுக்கிறதை வாங்கி அப்படியே உன் கையில கொடுத்திடுறேன். அதுதானே ஊர் வழக்கம்?"

"எப்ப வருவாங்க அண்ணே?"

"அந்தச் சுவரைப் பார்த்தா எவன் வருவான்?" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியவராக அவர் பலமாகக் கனைத்தார்.

சீட்டு பிடிக்கும் பாண்டியம்மாக்கா நோட்டைப் புரட்டினாள். "உன் முறை அடுத்த வைகாசி. இப்பவே வேணும்னா தள்ளித்தான் எடுக்கணும். ரெண்டு லட்சம் தேறினாப் பெரிசு. அதுக்கும் ஏலத்துல நாலு பேர் நிக்கிறாங்க, தாயி."

நகை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பிலோமி வீடு வந்தாள்.

கணவன் ஜெரால்டு மில்லில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

"லாக்கர்ல இருந்து நகையை எடுத்துட்டு வாங்க. ஜெசிந்தாகிட்ட காட்டணும்."

அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்னங்க?"

"லாக்கர்ல இல்ல பிலோமி. அடகுல இருக்கு."

"எப்போ வச்சது?"

"பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தாளே, அப்போ."

பத்தொன்பது நாள். பிறந்தவுடன் மிரியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

"கம்பெனி இன்சூரன்ஸ் கொடுத்திருச்சுன்னு சொன்னீங்களே?"

"கொடுத்துச்சு. நாப்பதாயிரம்." அவன் தட்டைப் பார்த்தே பேசினான். "பில்லு லட்சத்து இருபது. நீ கண்ணாடியில கையை வச்சுக்கிட்டு நின்னே. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட திரும்பல. உன்கிட்ட வந்து இதையெல்லாம் சொல்லச் சொல்றியா?"

கத்த வேண்டும் என்றுதான் பிலோமி வாயைத் திறந்தாள்.

"ரசம் ஊத்தவா?" என்றுதான் வந்தது.

* 

பத்தாம் நாள் அவள் அடிவாரத்துக்குப் போய்ப் பாயின்மேல் எல்லாவற்றையும் வைத்தாள்.

ஒத்திப் பத்திரம். சீட்டு நோட்டு. அடகு ரசீது. பர்ஸைக் கவிழ்த்துக் கொட்டியதும் உண்டியலை உடைத்ததும் சேர்ந்து பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய்.

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். மிரி வேகமாகத் தவழ்ந்து வந்து அடகு ரசீதை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், ஏய்!" ஜெசிந்தா அதைப் பக்குவமாக இழுத்து எடுத்தாள். "இதைத் தின்னுட்டேன்னா உன் அப்பன் செத்தான்."

பிலோமி சிரிக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"அவ்வளவுதான்."

"போன வாரம் எட்டு லட்சமும் எட்டுப் பவுனும் வச்சிருந்தாளே ஒருத்தி, அவ தூங்கினாளா?"

"இல்ல."

"இன்னைக்கு நீ போய்த் தூங்கு."

பிலோமி எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "எந்த வீடுன்னு சொல்றேன்னியே."

"லோன் எடுத்தா மாசம் எவ்வளவு கட்டணும்?"

"பத்தொன்பதாயிரம்."

"அடுத்த வாரம் அஞ்சாம் தேதி வருது. அன்னையில இருந்து கட்டு."

"வீடே இல்லையேடி!"

"அதனால என்ன?"

"யார்கிட்ட கட்டுறது?"

"என்கிட்ட." ஜெசிந்தா உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டு வந்தாள். அதில் ஒரு பூட்டுத் தொங்கியது. சாவியைப் பிலோமியின் கையில் வைத்தாள். "பெட்டி இங்கே இருக்கட்டும். சாவி உன்கிட்ட இருக்கட்டும். ஆறாம் தேதி ஆச்சுன்னா அபராதம்."

"அபராதமா? எவ்வளவு?"

"கிணத்துல இருந்து இருபது குடம். என் தென்னைக்கெல்லாம் தண்ணி காணாது."

* 

ஐந்தாம் தேதி காலையிலேயே பிலோமி வந்துவிட்டாள். பத்தொன்பதாயிரத்தையும் பாயில் வைத்தாள். முகத்தில் ஒரு வெற்றி.

"பார்த்தியா?"

ஜெசிந்தா முதல் கட்டை எடுத்தாள். "இது எங்கிருந்து வந்துச்சு?"

"சீட்டுக்கு வச்சிருந்தது. இந்த மாசம் பாண்டியம்மாக்காகிட்ட தவணை சொல்லிட்டேன்."

அந்தக் கட்டு பிலோமியின் மடிக்குத் திரும்பி வந்தது.

"இது?"

"பால்காரருக்கு. அடுத்த மாசம் சேர்த்துக் கொடுத்துக்கலாம்."

அதுவும் மடிக்கு வந்தது.

"இது?"

பிலோமி பாயின் ஓரத்தை நிமிண்டினாள்.

"இது என்ன பணம் பிலோமி?"

"மிரிக்கு ஆவி மருந்து வாங்க வச்சது. மருந்து இன்னும் பாதி பாட்டில் இருக்கு. அதான்."

ஜெசிந்தா அந்த நோட்டுகளைத் தன் கையாலேயே மடித்து, மிரியின் சட்டைப் பைக்குள் செருகினாள்.

பாயில் ஒன்பதாயிரம் மிஞ்சியது. பிலோமி அதைப் பார்த்தபடி இருந்தாள். பெட்டியைத் திறந்து அதைப் போட்டுப் பூட்டினாள்.



* 

ஆவணி முதல் முகூர்த்தம் சனிக்கிழமை வந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம், காலை வெயில் வரும் அந்த வீட்டு வாசலில், வேறு யாரோ தேங்காய் உடைத்தார்கள். கேட்டில் பஸ் நின்றபோது பிலோமி அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த ஆள் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. குழந்தையோடு நேரே அடிவாரத்துக்கு வந்தாள். முப்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். காகம் கத்துவதுகூடத் தனியாகக் கேட்டது.

"அடியே ஜெசிந்தா!"

முப்பது பேரும் கண்ணைத் திறந்தார்கள்.

"அந்த வீடு போயிருச்சு. பெட்டியில கட்டுன்னே, பாயில வைன்னே. இப்ப என் பிள்ளை இன்னும் அந்த ஓதச் சுவத்துக்குள்ள கிடந்து மூச்சு இளைக்கணும். உனக்கு என்ன? உனக்கு ஒரு பிள்ளை இருந்தாத் தெரிஞ்சிருக்கும்!"

முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். ஜெசிந்தா அவளையே பார்த்தாள்.

பிலோமி போய்விட்டாள். பஸ்ஸில் வரும்போதே, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்து அடுப்பைப் பற்ற வைத்தபோது கதவைத் தட்டினார்கள். ஜெசிந்தா நின்றாள். கையில் மஞ்சள் பை. அதற்குள் சுத்தியலும் உளியும். பின்னால் ஓர் ஆள். அவரை நேற்று அடிவாரத்தில் பார்த்த நினைவு இருந்தது.

"இவரு கொத்தனாரு. எந்தச் சுவர்னு காட்டு."

"நேத்து நான்..."

"எந்தச் சுவர்?"

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். ஓர் இடத்தில் பூச்சை உடைத்தார். உள்ளே, மாடிக் குளியலறையிலிருந்து இறங்கும் குழாய் மூட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மழைத் தண்ணியே இல்லம்மா. இவ்வளவு நாளும் வீட்டுக்காரர் குளிச்ச தண்ணி" என்றார். "மூட்டை மாத்தி, கொத்திப் பூசி, எல்லாம் சேர்த்து மூவாயிரத்து எண்ணூறு ஆகும்."

பிலோமி ஜெசிந்தாவைத் தனியாக இழுத்தாள். "சோமசுந்தரம் அண்ணன் ஒரு பைசா கொடுக்க மாட்டாரு. நாளைக்கே காலி பண்ணப் போற வீடு. இதுக்கு நான் எதுக்குடி செலவு பண்ணணும்? இது என் வீடா?"

"இல்ல. அவரு வீடு."

"அதான் சொல்றேன்."

"பிள்ளை யாருது?"

பிலோமி தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அலமாரி மேலிருந்து பெட்டிச் சாவியை எடுத்து ஜெசிந்தாவின் கையில் கொடுத்தாள்.

தொட்டிலை அன்றைக்கே கூடத்துக்கு மாற்றினார்கள். ஜெசிந்தா ஒரு முனையைப் பிடித்தாள்.

* 

மூன்று வாரத்தில் சுவர் காய்ந்தது. மிரியின் இளைப்பு அடியோடு நிற்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை.

சோமசுந்தரம் இறங்கி வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "அடடே, ஒத்தியைக் கூட்டியே கேட்கலாம் போலிருக்கே" என்றார்.

"கூட்டியே கேளுங்க அண்ணே. எங்களுக்குத் தை மாசம் எங்க பணம் வேணும். இப்பவே பார்ட்டி தேடுங்க." பிலோமி இதை ஒரே மூச்சில் சொன்னாள். அந்த வாரமே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கினாள்.

செப்டம்பரில் பத்தாயிரம் கட்டினாள். அக்டோபரில் பதினோராயிரம். யார் பணம் என்று ஜெசிந்தா இப்போது கேட்பதில்லை. பிலோமியே பஸ் ஏறும் முன் ஒவ்வொரு கட்டாகக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

நவம்பரில் சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனது. ஆறாம் தேதி ஜெரால்டும் கூடவே வந்தான். அந்த வீட்டுக்கு அவன் வருவது அதுதான் முதல் தடவை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலில் நின்றான்.

"அபராதம் யார் பேர்லங்க?" என்று கேட்டான்.

"குடும்பத் தலைவர் பேர்ல" என்றாள் ஜெசிந்தா.

அவன் பேன்ட்டை மடித்துக்கொண்டு இருபது குடம் இறைத்தான். பதினைந்தாவது குடத்தில் மூச்சு வாங்கியது. பிலோமி வந்து கயிற்றின் மறு பிடியைப் பிடித்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டே அவன் மெதுவாகச் சொன்னான்.

"இன்னொண்ணும் இருக்கு பிலோமி. பைக் தவணை முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்ல? முடியல. இன்னும் ஏழு மாசம் இருக்கு. என் டீக் காசுல இருந்து கட்டிட்டு வர்றேன்."

"வேற?"

"வேற இல்ல. சத்தியமா."

"டீ குடிக்கவே இல்லையா நீங்க?"

"மில்லுல யாராவது வாங்கித் தருவாங்க."

குடம் மேலே வந்தது. பாதித் தண்ணீர் சிந்திப் போயிருந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

அந்த மாதம் பைக் தவணையையும் கணக்கில் சேர்த்து, சீட்டு, பால், மருந்து எல்லாம் எடுத்து வைத்த பிறகு, பதினோராயிரத்து இருநூறு மிஞ்சியது. டிசம்பரிலும் அதே பதினோராயிரத்து இருநூறு. தீபாவளிக்குக் கொடுத்த போனஸையும் பெட்டிப் பணத்தையும் சேர்த்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் நகையை மீட்டார்கள். பெட்டி காலியானது. பிலோமி காலிப் பெட்டியையும் பூட்டி வைத்தாள்.

ஜனவரியிலும் பதினோராயிரத்து இருநூறு.

பொங்கல் கழிந்து ஒரு குடும்பம் ஒத்திக்கு வந்தது. அந்த வீட்டம்மா முதலில் சுவரில்தான் கை வைத்துப் பார்த்தாள். மறுவாரம் சோமசுந்தரம் ஐந்து லட்சத்தையும் பிலோமியின் பேங்க் கணக்கில் போட்டார். ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்.

* 

மூன்று பேருமாக அடிவாரத்துக்கு வந்தார்கள். மிரி இப்போது நடந்தாள். நாலு அடிக்கு ஒரு தடவை விழுந்தாள்.

"முப்பது லட்சத்து வீடு எங்களுக்கு ஆகாதுடி" என்றாள் பிலோமி. ஜெரால்டு பக்கத்தில் இருந்தும் டி போட்டுத்தான் பேச்சு வந்தது. "பேங்க்ல கேட்டோம். எங்களால கட்ட முடிஞ்சதுக்கு எவ்வளவு லோன் வரும்னு சொல்லிட்டாங்க. பதினெட்டுக்குள்ளதான் பார்க்கணும். ஊருக்கு வெளியே தள்ளிப் போகணும். ஒரே ஒரு அறைதான் இருக்கும்."

"ம்."

"ஒரு மாசத்துல காலி பண்ணணும். வீடு இன்னும் பார்க்கல. போய்ப் பார்க்கலாமா?"

ஜெசிந்தா விழுந்த மிரியைத் தூக்கி மண்ணைத் தட்டினாள்.

"பயம் இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு இருக்கு?"

பிலோமி யோசிக்கவில்லை.

"மாசம் பதினோராயிரத்து இருநூறு."

ஜெசிந்தா மிரியை ஜெரால்டின் கையில் கொடுத்தாள்.

"போய்ப் பாருங்க" என்றாள்.